பிடில் தட்டின் நான்காவது பக்கம்

1940 ஜூலை 12, வெள்ளி

தபால்காரர் இன்றும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்க்காமலே தாண்டிப் போனார். பார்த்தால் நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். அந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற நடையைக் கண்டதும் நான் உள்ளே வந்துவிட்டேன்.

சைகோனிலிருந்து கடைசியாகக் கடிதம் வந்தது சித்திரையில். அதற்குப் பிறகு பாரிசுக்குள் ஜெர்மன்காரன் புகுந்துவிட்டான் என்று பாகூர் மேரியில், அந்த முனிசிபல் கச்சேரியில், கொமின் ஆட்கள் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாரிசு போனால் சைகோன் என்ன ஆகும், சைகோன் துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தாவாக இருக்கிற என் வீட்டுக்காரர் என்ன ஆவார் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள்.

அவருடைய கடிதம் எல்லாம் அத்தை பேருக்குத்தான் வரும். கொழுந்தனார் மணவாளன் கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். அம்மாவின் உடம்பு, ஏரியில் தண்ணீர், கரும்பு, கன்று போட்ட மாடு என்று ஒன்று விடாமல் விசாரித்திருப்பார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எப்படி இருக்கும்? தம்பி வாசித்து அம்மா கேட்கிற கடிதத்தில் எந்த ஆண்பிள்ளை பெண்டாட்டியை விசாரிப்பான்? ஆனால் கடைசி வரி மட்டும் ஒருபோதும் மாறாது. 'பிடில் தட்டு பத்திரமா? உடையாமல் பார்த்துக்கொள்ளவும்.'

அந்த வரி வரும்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொள்வேன். அந்தக் கிராமபோன் தட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறவள் நான்தானே! தட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டது போலத்தான். இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம்.

அந்த ஒரு வரி வந்தால் போதும். மாட்டைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஜூலை 21

அத்தைக்குத் தெரியாமல் தட்டைப் போட்டேன். அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

போன வருஷம் லீவு முடிந்து கப்பலேறும் அவசரத்தில் அவர் மறந்துவிட்டுப் போன தட்டு இது. கிராமபோன் பெட்டியையும் நாடகப் பாட்டுத் தட்டுகளையும் வீட்டுக்கென்றே கொண்டுவந்தார். பிடில் தட்டு அவருக்கு. அட்டை உறையில் இரண்டு தட்டு, முன்னும் பின்னுமாக நாலு பக்கம். மத்தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் மோர் கொண்டுபோய் வைத்தாலும் கண்ணைத் திறக்க மாட்டார். கொழும்பில் கப்பல் நின்றதும் அங்கிருந்தே எழுதிவிட்டார், தட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று. அவ்வளவு பதைப்பு.

நாலு பக்கத்தில் மூன்றைத்தான் போடலாம். நாலாவதைப் போடக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. போன மார்கழியில் நான் நாலாவது பக்கத்தில் முள்ளை வைத்த அந்த நிமிஷம் கொல்லையிலிருந்து கூச்சல் வந்தது. மாமனார் கரும்புக் கொல்லை வரப்பில் விழுந்துவிட்டார். தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. கூடத்தில் தட்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஆளை எடுக்கிற பக்கம் என்று அத்தை சொன்னாள். வேடிக்கை என்னவென்றால் நானும் நம்புகிறேன். நம்பாமல் ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றினால் உடனே தட்டை உறைக்குள் போட்டுவிடுகிறேன்.

இன்று இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை வாசற்படியில் வந்து நின்றாள். அது மெதுவாகப் போகிற பக்கம். இரண்டு பிடில். ஒன்று எடுத்து நிறுத்துகிற இடத்தில் மற்றது தொட்டுக்கொள்கிறது. அத்தை முடிகிறவரை கேட்டாள். அப்புறம் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி இது, பாட்டா? எழவு வூட்டுல ரெண்டு பொம்பளைங்க கட்டிப் புடிச்சிக்கினு ஒப்பாரி வெக்கிறது கேக்கல உனக்கு? ஒருத்தி வுட்ட எடத்துல இன்னொருத்தி எடுக்குறா பாரு. எம் புள்ளைக்கில்லடி அழுவுறாங்க."

நான் பெட்டியை மூடினேன். அதற்கு முன்னால் எனக்கு அப்படிக் கேட்டதில்லை. இனி வேறு எப்படியும் கேட்காது போலிருக்கிறது.

ஜூலை 22

கேட்டது பெற்ற தாய். பெற்றவள் காதில் விழுந்தால் பலித்துவிடுமா?

செப்டம்பர் 15

பள்ளிக்கூட வாத்தியார் சிவப்பிரகாசம் வந்திருந்தார். பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் கொழுந்தனார்தான் கூப்பிட்டிருந்தார். புதுச்சேரி கவர்னர் லண்டனில் இருந்துகொண்டு ஜெர்மன்காரனை எதிர்க்கிற பிரெஞ்சு ஜெனரல் பக்கம் சேர்ந்துவிட்டாராம். சைகோன் சேரவில்லையாம். ஆகவே இந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நடுவில் இனிமேல் தபால் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, சண்டை முடிகிறவரை என்றார். ஏதோ மழை விடுகிறவரை என்பது மாதிரி சாவகாசமாகச் சொன்னார்.

அத்தை அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை.  வாத்தியாருக்கு நாலும் தெரியும், அவர் காதில் அந்தத் தட்டு எப்படி விழுகிறது என்று கேட்டுப் பார்த்தால் என்ன? இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது தெரியவில்லை. கதவோரத்தில் நின்று கொழுந்தனாரிடம் சொல்லி அனுப்பினேன்.

மூன்று பக்கமும் கேட்டார். நல்ல ரசனை உள்ளவர். இரண்டு பேர் வாதம் பண்ணுகிறார்கள், ஆனால் சண்டை இல்லை, ஒருவர் சொன்னதை மற்றவர் மரியாதையோடு திருப்பிச் சொல்லித் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார் என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாதம் பண்ணுகிறவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள்தானே.

அதோடு விட்டிருக்கலாம். தட்டைக் கையில் எடுத்து நடுவில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். முகம் மாறிப்போனது. இதை இயற்றியவன் ஜெர்மன்காரனாம். செத்து இருநூறு வருஷம் ஆனவன்தான், ஆனால் வீட்டைச் சோதனை போட வருகிற சொல்தா சிப்பாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, எதிரி நாட்டுச் சங்கீதம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவான், வெளியில் மூச்சு விடாதீர்கள் என்று அவரே மூச்சு விடாமல் சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தனார் தட்டை உடைத்து ஏரியில் போட்டுவிடலாம் என்றார். முதலில் என்னை உடைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் எதிரில் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. தட்டு இரண்டையும் என் முகூர்த்தப் புடவையில் சுற்றி நெற்குதிருக்குள் இறக்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 16

தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சர்க்கரை ஆலைக்குப் போகிற வண்டிக்காரன். கட்டைச் செருப்பு.

1941 மார்ச் 9

ஒரு சொல்தாவும் வரவில்லை. குதிரிலிருந்து எடுத்துவிட்டேன்.

முள் எல்லாம் மழுங்கிவிட்டது. கடைத்தெருவில் கமருதீன் அண்ணன் கடையில்தான் கிராமபோன் முள் கிடைக்கும். சண்டைக்குப் பிறகு அவரிடமும் இல்லை. நாகதாளிக் கள்ளியின் முள்ளைச் சீவிக் காயவைத்துப் போட்டால் வேலை செய்யும் என்று சொல்லி, அவரே நாலு முள் சீவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய தம்பி ஷரீப் சைகோனில் துணிக்கடை வைத்திருக்கிறான். அங்கேயிருந்தும் கடிதம் இல்லை. அதனால் அவர் வந்தால் அத்தைகூட நாற்காலி போடச் சொல்வாள்.

நாகதாளி முள்ளில் சத்தம் கொஞ்சம் தணிந்து, அடுத்த வீட்டில் பாடுகிற மாதிரி வருகிறது. அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். எப்படி இருக்கிறது என்று நானே நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஆத்துக்கு இந்தக் கரையில ஒருத்தன், அந்தக் கரையில ஒருத்தன், தங்கச்சி. இவன் கூப்புடுறான். அவன் அங்கேருந்து பதில் சொல்றான். தண்ணி சத்தத்துல வார்த்த புரியல, ஆனா பதில் வருது."

சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. பதில் வருகிறது. நல்ல வாக்கு. அத்தை சொன்னதை இது அடித்துவிட்டது.

போகும்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இந்த மூணு பக்கமும் கருப்பாக மினுமினுப்பாக இருக்கிறது, நாலாவது மட்டும் சாம்பல் பூத்துப் போச்சே, இதைத்தான் ரொம்பக் கேட்டிருக்காங்க என்றார். நாங்கள் அதைப் போடுவதே இல்லை என்றேன். அப்படியானால் பழைய தட்டாக வாங்கியிருப்பார் என்றார். இருக்கும். அவர் எதையும் பேரம் பேசித்தான் வாங்குவார்.

1942 ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மெட்ராசே காலியாகிறதாம். புதுச்சேரியிலிருந்தும் அரியாங்குப்பம் வழியாக வண்டி வண்டியாக ஜனங்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். கடல் பக்கம் இடி இடித்தால்கூட மாடுகளை அவிழ்த்துவிட ஓடுகிறோம்.

சைகோனில் ஜப்பான்காரன் குடியே வந்துவிட்டானாம். அங்கே இருக்கிறவர் எதை அவிழ்த்துக்கொண்டு எங்கே ஓடுவார்?

நவம்பர் 3

எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் தட்டைப் போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கேட்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. ஊருக்குப் பயணம் கிளம்புகிறவன் எதிரில் வருகிறவள் குடம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது போல நான் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வளையல்காரி மணியம்மாள், கிணற்றடியில் இரண்டு பொண்ணுங்க ஊர்வம்பு பேசுறாங்க என்றாள். சந்தோஷம் தாங்காமல் அவளுக்கு ஒரு மரக்கால் நெல் அளந்தேன். கொழுந்தனார், பூனைச் சண்டை என்றார். அவரிடம் யார் கேட்டது? பண்டசோழநல்லூரிலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அண்ணன், காளை இரண்டும் ஜோடியாக ஏற்றம் ஏறுவது மாதிரி என்றான். அது நல்லதா கெட்டதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணி பிடிலைக் கேட்கவே இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் திரும்பி நம் வீட்டுக்கே வந்துவிட்டால் எந்த மூலையில் படுக்கவைப்பது என்று அளந்தாள். எனக்குத் தெரியாதா!

பிள்ளை இல்லாதவள். அவர் இல்லை என்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் எனக்கு எந்த நாற்காலி? வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை சுற்றி, வண்டி கட்டி அனுப்பிவிடுவார்கள். அண்ணி அளந்து வைத்திருக்கிற மூலைதான்.  ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

1943 தை

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதே நல்ல சேதி என்று கமருதீன் அண்ணன் சொல்கிறார். அவர் மீசை நரைத்துவிட்டது.

1945 ஜனவரி 24

மேரியில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். வாத்தியார் கேட்டுக்கொண்டு நேராக இங்கே வந்தார். சைகோன் துறைமுகத்தில் அமெரிக்கன் ஆகாயக் கப்பல்கள் குண்டு போட்டு, நின்ற கப்பல் எல்லாம் எரிந்துவிட்டதாம்.

துறைமுகம்.

சுங்கக் கச்சேரி துறைமுகத்திலே தானே. கப்பல் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜன்னல், அங்கேதான் என் மேசை என்று ஒரு தரம் எழுதியிருந்தாரே. ஜன்னலுக்கு எதிரே. ஐயோ சாமி, ஜன்னலுக்கு எதிரேயா உக்காரணும்? பின்னால உக்கார ஒரு மேசை கெடைக்கலியா உங்களுக்கு?

பிப்ரவரி 6

அத்தை சாப்பிடுவதில்லை. மகன் செத்திருந்தால் கொள்ளி போட ஆளில்லாமல் பிற தேசத்தில் தாகத்தோடு அலைவான் என்கிறாள். இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவனுக்குப் புல்லால் உருவம் செய்து, பேர் சொல்லிக் கொளுத்திக் கருமாதி செய்யலாம் என்று ஐயர் சொன்னாராம். மாசி அமாவாசைக்கு நாள் குறிக்கலாம் என்று கொழுந்தனார் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அம்மா பட்டினி கிடப்பதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு.

உயிரோடு இருக்கிறவரைப் புல்லாக்கிக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியாது. எனக்கு என்ன ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு ஒப்பாரியாகக் கேட்டது, கமருதீன் அண்ணனுக்கு அப்படிக் கேட்கவில்லையே என்றேன். அவருக்கு என்ன தெரியும் என்றாள். அப்படியானால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், வில்லியனூர் பக்கிரியைக் கூப்பிடுங்கள் என்றேன். வாயில் வந்துவிட்டது. பக்கிரி நாயனக்காரர். கல்யாணத்துக்கும் வாசிப்பார், கருமாதிக்கும் வாசிப்பார். எது எந்த வீட்டுச் சத்தம் என்று அவரைவிடத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் இல்லை.

அத்தை காலை விடுவித்துக்கொண்டாள். அப்புறம், சரி, அவன் ஒப்பாரின்னு சொல்லிட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது என்றாள். இல்லை என்று சொன்னால் சண்டை முடிகிறவரை அவள் காத்திருப்பாள். சாப்பிடவும் செய்வாள்.

ஒத்துக்கொண்டேன். என்ன காரியம் செய்துவிட்டேன்? ஒரு நாயனக்காரர் வாயில் அவர் உயிரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பக்கிரி காலையில் வந்தார். கூடத்தில் அத்தை, கொழுந்தனார், கமருதீன் அண்ணன், வாத்தியார். எதற்குக் கூப்பிட்டோம் என்று பக்கிரிக்கு யாரும் சொல்லக்கூடாது என்று பேச்சு. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

முதல் பக்கத்துக்குத் தொடையில் தாளம் போட்டார். கீரவாணி மாதிரி வருது, ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குறான், அசைக்கவும் மாட்டேங்குறான், நேர் கோடா இழுக்குறான் என்றார். பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். இரண்டாவது பக்கம் போட்டதும் தாளம் நின்றது. தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கருமாதி வீட்டில் அவர் அப்படித்தான் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருவார், நான் பார்த்திருக்கிறேன். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குக் காது அடைத்துப்போய் மூன்றாவது பக்கம் ஓடியதே தெரியவில்லை.

முடிந்ததும், மிச்சம் போடு தாயி என்றார். மிச்சம் இல்லை என்றேன். இருக்குது, இது முடியலியே, முடிவு கேக்காம எப்பிடிச் சொல்றது என்றார். அத்தையும் நானும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்று கத்தினோம். பக்கிரி பயந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வாத்தியார்தான் தணிந்த குரலில், கேட்ட வரைக்கும் சொல்லுங்கள், இது எந்த வீட்டுச் சங்கீதம் என்றார்.

"எழவு வூடு இல்லீங்க. அழுதா மூச்சு உடையும். இதுல எங்கயும் உடையல. இது ஊஞ்சலு. ஒருத்தர் முன்ன போவும்போது ஒருத்தர் பின்ன. கல்யாணத்துல பொண்ணு மாப்பிளய ஒக்கார வெச்சி ஆட்டுவோமே, அதான். இன்னொண்ணு கேட்டீங்களா? இதுங்க ரெண்டுக்கும் பின்னால ஒரு கூட்டமே தாங்கிப் புடிச்சிக்கினு நிக்குது. நமக்குப் பின்னால சுருதி புடிச்சி ஒத்து ஊதுற ஆளு மாதிரி. அவங்க வுட்டுட்டா ரெண்டும் விழுந்துடும். அவங்கள மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க."

பின்னால் சொன்னது எதுவும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஊஞ்சல். கல்யாண ஊஞ்சல். நான் தூணோடு சரிந்து உட்கார்ந்து அழுதேன். அத்தை எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், பழைய சோற்றைப் பிழிந்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19

பக்கிரி பொய் சொல்லியிருப்பாரோ? எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு?

ஆகஸ்ட் 16

சண்டை முடிந்தது. மேரியில் மணி அடித்தார்கள். எனக்கு முன்னைவிடப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் தபால் வராததற்கு ஒரு காரணம் இருந்தது.

1946 மே 2

தந்தி. உயிரோடு இருக்கிறார். மெட்ராசில் கப்பல் இறங்கிவிட்டார். இருக்கிறார். இருக்கிறார்.

மே 3

 அத்தை தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்கிறாள். கமருதீன் அண்ணன் ஓடிவந்து, அவன் வந்தா ஷரீபும் பின்னால வந்துடுவான் என்று கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டார். பக்கிரிக்கு வேட்டி துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். தட்டைத் துடைத்து, பெட்டியைத் துடைத்து, நாகதாளி முள் புதிதாகச் சீவினேன். எனக்கு முப்பது வயசு முடிந்துவிட்டதே, கண்ணாடியில் பார்த்தால் கழுத்து எல்லாம் கறுத்துக்கிடக்கிறது. இந்தப் பயம் சுகமான பயம்.

மே 5

வண்டியிலிருந்து முதலில் அவர் இறங்கினார். தலை வழுக்கையாகி, பாதி ஆளாக இருந்தார். அப்புறம் ஒரு பெண் இறங்கினாள். அப்புறம் ஒரு சிறுமி.

அந்தப் பெண் கறுப்புக் கால்சட்டையும் நீளச் சட்டையும் போட்டிருந்தாள். சிறுமிக்கு அவர் நெற்றி, அவர் காது. எட்டு வயசு என்று பிறகு சொன்னார்கள். அவர் லீவில் வந்து என் கையால் மோர் வாங்கிக் குடித்தபோது அவள் கைக்குழந்தை.

கையில் ஆரத்தித் தட்டோடு நான் நின்றேன். எத்தனை பேருக்குச் சுற்றுவது என்று அத்தையைப் பார்த்தேன். அத்தைக்கு மகன் முகம் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. நான் எல்லோருக்கும் சேர்த்துச் சுற்றினேன்.

மே 6

ஷரீப் இல்லை. துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று சரக்கு எடுக்கப் போயிருந்தானாம். என் வீட்டுக்காரரே கடைத்தெருவுக்குப் போய்க் கமருதீன் அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மூடினாராம்.

அந்தக் கரையிலிருந்து பதில் வருகிறது என்று சொன்னவர் அவர். நல்ல வாக்கு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். ஒப்பாரி கேட்ட அத்தைக்கு மகன் வந்துவிட்டான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஊர் வாயை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேனே.

அப்புறம் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் வந்து என்னிடம் பேசினார். முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவள் பேர் லான்.

"எழுதணும்னுதான் இருந்தேன் ஆதி. தைரியம் வரல."

தட்டு பத்திரமா என்று எழுத மட்டும் தைரியம் வந்ததா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. நான் பார்த்தேன்.

"அது அவளோடது. அவ அப்பா குடுத்தது. மறந்து இங்க வுட்டுட்டேன்னு தெனம் சண்ட. எழுதிக் கேளு எழுதிக் கேளுன்னு உசுர எடுப்பா."

மே 9

வளையல் கையில் இருக்கிறது. பொட்டு நெற்றியில் இருக்கிறது. யாரும் என்னை வண்டி கட்டி அனுப்பவில்லை. அவர் இந்த உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். இருக்கிறார். பக்கத்து அறையில் இருமுகிறார். கேட்டது கிடைத்தவளுக்கு அழ வாயேது?

அன்றைக்கு எழுத மாட்டேன் என்று சொன்ன பெரிய பயம், அவர் என்னை நினைக்கவே இல்லையோ என்பது. இப்போது எழுதலாம்.

மே 12

மத்தியானம் அவர் மேரிக்குப் போயிருந்தார். சிறுமி மரி வந்து என் முந்தானையைத் தொட்டாள். அவளுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த தமிழ் கொஞ்சம் தெரியும். அம்மா பாட்டுத் தட்டு கேக்குறாங்க என்றாள். லான் வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். உள்ளே வரலாமா என்று பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் நாற்காலி எது என்று தெரியாதவளின் பயம்.

சாவியை முடிச்சவிழ்த்துக் கொடுத்தேன்.

அவள் தட்டை உறையிலிருந்து எடுத்து, ஒரு கீறல்கூட இல்லை என்று கண்டதும் மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். முதல் மூன்று பக்கத்தைத் தொடவே இல்லை. நேராக நாலாவது பக்கத்தைப் போட்டாள். ஐயோ வேண்டாம் என்று கை நீட்டினேன். அதற்குள் முள் விழுந்துவிட்டது.

அத்தை அடுக்களையிலிருந்து ஓடிவரவில்லை. கொல்லையில் யாரும் கத்தவில்லை. வேகமாக, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இரண்டு பிடிலும் போயின. லான் கண்ணை மூடிக்கொண்டாள், அவரைப் போலவே. பிடில் அடுத்து எங்கே போகும் என்று தட்டுக்கு முன்னால் அவள் வாய் முணுமுணுத்தது. சாம்பல் பூத்த பக்கம். தேய்த்தவள் இவள்தான்.

முடிந்ததும் மரியிடம் ஏதோ சொன்னாள். மரி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் புடிச்சிருக்கான்னு அம்மா கேக்குறாங்க."

ஊரையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டேன். இந்த ஆறு வருஷத்தில் என்னை யாரும் கேட்டதில்லை.

பிடிச்சிருக்குன்னு சொல்லு என்றேன். பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு பிடிலையும் நான் கேட்கவில்லை. பக்கிரி சொன்னாரே, பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், அவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் அவர்கள் விடவே இல்லை.